முதுகைக் காட்டும் கண்ணாடிகள்

தஞ்சோங் பகார் என்றதும் உங்களுக்கு என்ன நினைவுக்கு வருகிறது? சிலருக்கு வானைத் தொடும் அலுவலகக் கட்டடங்கள். சிலருக்கு மதிய வேளையில் உணவங்காடி நிலையத்தில் இடம் தேடி அலையும் கூட்டம். நம் முன்னாள் மாணவர்களில் பலருக்கு, 2011ஆம் ஆண்டு ஜூன் 30ஆம் தேதியோடு சேவை நின்றுபோன பழைய ரயில் நிலையம். ஜொகூரில் பிறந்து வளர்ந்த எனக்கோ ஒரு சிறுவனின் நினைவுதான் முதலில் வரும்.

தமிழ்ப்பள்ளியில் ஆறு ஆண்டுகள் படித்துவிட்டுத் தேசிய இடைநிலைப்பள்ளிக்குப் போன காலத்தில், மலாய்மொழி வழியாக என்னை வந்தடைந்த கதை அது. ‘செஜாரா மெலாயு’ என்னும் பழைய மலாய் நூலில் இருக்கிறது. சிங்கப்பூர்க் கரையைத் தோடாக் மீன்கள் தாக்குகின்றன. ஈட்டிபோன்ற மூக்கு கொண்டவை. கரையில் நிற்பவர்களைக் குத்திச் சாய்க்கின்றன. மன்னர் வந்து பார்த்துவிட்டு, மக்களை வரிசையாக நிற்கவைத்து அவர்களின் கால்களையே அரணாக்கும்படி ஆணையிடுகிறார். மேலும் பலர் மடிகிறார்கள். அப்போது ஒரு சிறுவன், “கால்களை எதற்கு அரணாக்க வேண்டும்? வாழைத்தண்டுகளை நட்டால் போதாதா?” என்று கேட்கிறான். அப்படியே செய்கிறார்கள். பாய்ந்து வந்த மீன்களின் மூக்குகள் வாழைத்தண்டில் செருகிக்கொள்கின்றன. ஊர் பிழைக்கிறது.

கதை அதோடு முடிந்திருந்தால் நன்றாக இருந்திருக்கும். “இந்த வயதிலேயே இவ்வளவு அறிவு என்றால், வளர்ந்தால் என்ன ஆவானோ” என்று பெரியவர்கள் மன்னரிடம் ஓதுகிறார்கள். சிறுவன் கொல்லப்படுகிறான். அவன் இரத்தம் பட்டுச் சிவந்ததுதான் புக்கிட் மேரா என்றும், வாழைத்தண்டு வேலி நின்ற முனைதான் தஞ்சோங் பகார் என்றும் மக்கள் சொல்வதுண்டு. மலாய்மொழியில் ‘தஞ்சோங்’ என்றால் முனை, ‘பகார்’ என்றால் வேலி.

பல்கலைக்கழகப் பாடத்திட்டத்தின் ஒரு பகுதியாக ஆறு மாத வேலைப் பயிற்சிக்கு நான் போய்ச் சேர்ந்த இடமும் அதே தஞ்சோங் பகார்தான். வேலைக்குச் சேர்ந்த நான்காம் மாதம், கீழே இருப்பவனிடமும் கருத்துக் கேட்கும் ஒரு படிவம் என் கணினித் திரையில் வந்து நின்றது. அன்றுமுதல் அந்தச் சிறுவனைப் பற்றி அதிகம் யோசித்துவிட்டேன். விரைவில் வேலைக்குப் போகவிருக்கும் நண்பர்களுக்கும், ஏற்கெனவே பலரை வைத்து வேலை வாங்கும் முன்னாள் மாணவர்களுக்கும் அந்த யோசனையின் பயன் போய்ச் சேரட்டும் என்றே இதை எழுதுகிறேன்.

நான் சேர்ந்தது சரக்குகளைக் கப்பலேற்றி அனுப்பும் பணிகளைக் கவனிக்கும் ஒரு நிறுவனம். எங்கள் பிரிவின் தலைவர் ஒரு தமிழ்ப் பெண்மணி. கூட்டங்களில் எல்லாரையும்போலப் பெயர் சொல்லி அழைப்பேன். மின்தூக்கிக்குள் போய்விட்டால் ‘அக்கா’. அவருக்குக் கீழே மூவர்: கப்பல் துறையில் பழம் தின்று கொட்டை போட்ட ஒரு சீன அங்கிள், என்னைவிட நான்கு வயது மூத்த ஒரு மலாய்ச் சகோதரி, பிறகு நான்.

படிவத்தின் பெயர் ‘360 பாகைக் கருத்தறிதல்’. பல்முனைக் கருத்தறிதல் என்றும் சொல்லலாம். விஷயம் எளிமையானது. ஒருவரின் வேலையைப் பற்றி அவருடைய மேலதிகாரியிடம் மட்டும் கேட்பதில்லை. உடன் வேலை செய்பவர், கீழே வேலை செய்பவர், சில இடங்களில் வாடிக்கையாளர் என்று சுற்றியிருக்கும் எல்லாரிடமும் ஒரே கேள்விகளைக் கேட்கிறார்கள். அவரும் தமக்குத் தாமே மதிப்பெண் போட்டுக்கொள்கிறார். பிறகு எல்லாவற்றையும் பக்கத்தில் பக்கத்தில் வைத்து அவரிடம் ஓர் அறிக்கையாகக் கொடுக்கிறார்கள். ‘தன் முதுகு தனக்குத் தெரியாது’ என்று நம் பாட்டிமார் சொன்னதைத்தான் மேலாண்மைத் துறை ஒரு முறையாக ஆக்கியிருக்கிறது. முதுகைப் பார்க்க ஒரு கண்ணாடி போதாது, பல வேண்டும்.

ஏன் பல வேண்டும்? ஒரே ஒரு கண்ணை நம்பியதால் வந்த கேடுகளை நாம் அறியாதவர்கள் அல்லர். சிலப்பதிகாரத்தில் பாண்டிய மன்னன் கெட்டவனா? இல்லை. தவறு தெரிந்ததும் உயிரையே விட்டவன். ஆனால் ஒரு பொற்கொல்லனின் சொல்லை மட்டும் கேட்டு, வேறு ஒருவரையும் கேட்காமல், கோவலனைக் கொல்ல ஆணையிட்டான். ஒரு வாயிலிருந்து வந்த செய்தி மதுரையையே எரித்தது.

காப்பியம் வரை போவானேன்? நம் குடும்பக் கதைகளிலேயே இருக்கிறது. என் கொள்ளுத்தாத்தா மலாயாவுக்கு வந்தது கங்காணி ஆள்கட்டிய காலத்தில். 1938இல் இந்திய அரசு தடைவிதிக்கும் வரை, தோட்டங்களுக்கு ஆள் திரட்டும் பெரும் வழிகளில் அதுவும் ஒன்று. ஊரிலிருந்து ஆளைக் கொண்டுவருபவரும் கங்காணி. தோட்டத்தில் அவர்களை மேய்ப்பவரும் கங்காணி. வேலைக்கு வந்த தலைகளை எண்ணி அவருக்குத் ‘தலைக்காசு’ கொடுப்பதும் வழக்கத்தில் இருந்தது. விடியுமுன் பிரட்டுக்கு வந்து நிற்கும் தொழிலாளி நல்லவனா, சோம்பேறியா, அடங்காதவனா என்பதெல்லாம் துரையின் காதுக்கு ஒரே வாய் வழியாகத்தான் போகும். கங்காணியைப் பற்றி அந்தத் தொழிலாளி என்ன நினைக்கிறான் என்று கேட்க அந்த ஏற்பாட்டில் இடமே இல்லை.

நவீன காலத்துக்கு வருவோம். 1955 முதல் 2015இல் மறையும் வரை தஞ்சோங் பகார் தொகுதியின் பிரதிநிதியாக இருந்தவர் திரு லீ குவான் யூ. பிரிட்டிஷார் விட்டுச்சென்ற மதிப்பீட்டு முறையை விடுத்து, ஷெல் எண்ணெய் நிறுவனத்தின் முறையைப் பரிசோதித்துப் பார்த்து 1983இல் அரசாங்கச் சேவைக்குக் கொண்டுவந்ததைத் தம் நினைவுக் குறிப்புகளில் எழுதியிருக்கிறார். ஒருவரின் ஆராயும் திறன், கற்பனை, நடைமுறை உணர்வு ஆகியவற்றோடு ‘ஹெலிகாப்டர் பண்பு’ என்ற ஒன்றையும் அந்த முறை பார்த்தது. உயரத்திலிருந்து முழுப்படத்தையும் காண்பது, தேவையான இடத்தில் இறங்கி நுணுக்கத்தையும் காண்பது என்பது அதன் பொருள். கங்காணியின் வாய்ச்சொல்லோடு ஒப்பிட்டால் இது எவ்வளவோ பெரிய முன்னேற்றம். ஆனால் ஒன்றை மறக்கக்கூடாது. ஹெலிகாப்டரிலிருந்து பார்த்தால் தலைகள் தெரியும். தரையில் நிற்பவனுக்குத்தான் அடுத்தவன் கால் எங்கே மிதிக்கிறது என்பது தெரியும். 1980களிலும் 1990களிலும் அமெரிக்கப் பெருநிறுவனங்களில் பல்முனைக் கருத்தறிதல் வேகமாகப் பரவியதற்கு இந்த எண்ணமும் ஒரு காரணம்.

இனி என் திரையில் வந்து நின்ற படிவத்துக்கு வருகிறேன். அதன் முதல் பக்கத்தில் இரண்டு உறுதிமொழிகள் இருந்தன. யார் என்ன எழுதினார் என்பது வெளியே தெரியாது. ‘கீழ் பணியாற்றுவோர்’ என்ற பகுதியில் குறைந்தது மூவர் பதில் தந்தால்தான் அந்தப் பகுதி அறிக்கையில் இடம்பெறும். பெயர் காக்க இப்படி ஓர் எல்லை வைப்பது பல இடங்களில் வழக்கம்தான். ஆனால் கணக்குப் பாருங்கள். அக்காவுக்குக் கீழே நாங்களே மூவர்தான். நான் எழுதாவிட்டால் மற்ற இருவர் எழுதியதும் குப்பைக்குப் போகும். நான் எழுதினால், மூவரில் ஒருவனாக மறைந்துகொள்ள எனக்கு இடம் போதாது.

அதிலும் எனக்கு ஒரு தனிச் சிக்கல். சீன அங்கிளின் ஆங்கிலம் வேறு. மலாய்ச் சகோதரியின் ஆங்கிலம் வேறு. தமிழ்ப்பள்ளியில் தொடங்கி, மலாய்மொழியில் படித்து, பிறகு சிங்கப்பூருக்கு வந்த என் ஆங்கிலம் எங்கே இருந்தாலும் என்னைக் காட்டிக்கொடுக்கும். பெயர் போடாமல் எழுதினாலும் ஒவ்வொரு வரியும் கையொப்பம் போட்டதுபோலத்தான்.

என்ன எழுதுவது என்பது அதைவிடப் பெரிய கேள்வி. அக்கா நல்லவர். முதல் வாரத்தில் எனக்கு எம்ஆர்டி வழி சொல்லிக் கொடுத்ததிலிருந்து, நோன்புப் பெருநாளுக்கு மலாய்ச் சகோதரியின் வேலையைத் தாமே எடுத்துக்கொண்டது வரை எத்தனையோ சொல்லலாம். ஆனால் அவரிடம் ஒரு பழக்கம் இருந்தது. கப்பல் நிறுவனங்களுக்கு நாங்கள் எழுதும் கடிதங்களையும் ஆவணங்களையும் இரவு எட்டு மணிக்கு மேல் தனியாக உட்கார்ந்து தாமே மாற்றி எழுதி அனுப்பிவிடுவார். எதை மாற்றினார், ஏன் மாற்றினார் என்று சொல்ல மாட்டார். எங்களைப் புண்படுத்தக்கூடாது என்ற நல்ல எண்ணம். விளைவு? அவர் வீட்டுக்குப் போக இரவு ஒன்பதரை. எங்களுக்கோ அடுத்த நாளும் அதே இருட்டு.

தமிழ்ப்பள்ளியில் ஆசிரியர் பேசும்போது கைகட்டி நிற்கக் கற்றவர்கள் நாம். தேசியப் பள்ளியில் நான்கு விடைகளில் ஒன்றைக் கருமையாக்கக் கற்றோம். மூத்தவர் ஒருவரிடம், அவர் நன்மைக்காகவே, மாற்றுக் கருத்தைச் சொல்வது எப்படி என்று எந்தப் பள்ளியும் கற்றுத்தரவில்லை. ‘உப்பிட்டவரை உள்ளளவும் நினை’ என்று சொல்லி வளர்த்த பிள்ளைக்கு, உப்பிட்டவரைப் பற்றிப் படிவத்தில் எழுதுவது காட்டிக்கொடுப்பதுபோல இருக்கும். ஆனால் நம் மரபில் இன்னொரு குரலும் உண்டு. கடிந்து சொல்ல ஆள் இல்லாத அரசன், பகைவர் இல்லாமலே கெட்டுப்போவான் என்ற கருத்தை வள்ளுவர் ‘பெரியாரைத் துணைக்கோடல்’ அதிகாரத்தில் வைத்திருக்கிறார். அப்படியானால் மரியாதையின் எதிர்ச்சொல் விமர்சனம் அல்ல. பேசாமல் இருப்பதும் ஒருவகையில் கைவிடுவதுதான்.

இரண்டு நாள் யோசித்து மூன்று வாக்கியங்கள் எழுதினேன். அக்கா எப்படிப்பட்டவர் என்று எழுதவில்லை. என்ன நடக்கிறது என்று எழுதினேன். எந்தச் சூழலில், எதைச் செய்கிறார், அதனால் எங்கள் வேலைக்கு என்ன ஆகிறது. முடிவில் ஒரு வேண்டுகோள்: திருத்தி அனுப்புவதற்குப் பதில் திருத்தத்தைக் குறித்துத் திருப்பிக் கொடுத்தால் நாங்கள் கற்றுக்கொள்வோம்.

ஏன் இவ்வளவு கவனம்? கருத்துச் சொன்னாலே மனிதர்கள் மேம்படுவார்கள் என்பது ஒரு நம்பிக்கைதான். 1996இல் அவ்ராம் குளுகர், ஏஞ்சலோ டெனிசி என்ற இரு ஆய்வாளர்கள், அதுவரை வந்த ஆய்வுகளிலிருந்து 607 முடிவுகளைத் திரட்டி ஒன்றாக ஆராய்ந்தார்கள். சராசரியாகப் பார்த்தால் கருத்துரைகள் பயன் தந்தன. ஆனால் மூன்றில் ஒரு பங்குக்கும் மேற்பட்டவற்றில், கருத்துரைக்குப் பிறகு வேலை முன்பைவிட மோசமாகியிருந்தது! அவர்கள் தந்த விளக்கம் மனத்தில் பதித்துக்கொள்ளத் தக்கது. கருத்து வேலையைப் பற்றியதாக இருக்கும்வரை மனம் வேலையில் நிற்கிறது. ‘நீ யார்’ என்ற இடத்தைத் தொட்டதும் மனம் வேலையை விட்டுவிட்டுத் தன்னைக் காத்துக்கொள்ளப் போய்விடுகிறது.

பல்முனைக் கருத்தறிதலும் இதற்கு விலக்கல்ல. 2005இல் ஜேம்ஸ் ஸ்மிதரும் அவருடைய சகாக்களும் 24 நெடுங்கால ஆய்வுகளைத் தொகுத்துப் பார்த்தபோது, பொதுவாகக் கிடைத்த முன்னேற்றம் சிறியதாகவே இருந்தது. அப்படியென்றால் எங்கேதான் பெரிய பயன்? அதே ஸ்மிதர், ஆலன் வாக்கருடன் சேர்ந்து 1999இல் வெளியிட்ட ஓர் ஆய்வில் குறிப்பு இருக்கிறது. 252 மேலாளர்களை ஐந்து ஆண்டுகள் தொடர்ந்து பார்த்தார்கள். கீழே இருப்பவர்கள் எழுதிய கருத்துகளை அவர்களோடே உட்கார்ந்து பேசிய மேலாளர்கள், பேசாதவர்களைவிட அதிகம் முன்னேறினார்கள். அறிக்கை கதவைத் தட்ட மட்டுமே செய்கிறது, திறப்பது பேச்சு.

இதை எங்கள் அலுவலகத்திலேயே பார்த்தேன். அறிக்கைகள் வந்த வாரம் வேறொரு பிரிவில் அதன் தலைவர், “இந்த வரியை எழுதியது யார்?” என்று ஒவ்வொருவராகக் கேட்டுக்கொண்டிருந்தாராம். நேரடியாக அல்ல, சிரித்துக்கொண்டே, கோப்பி குடிக்கும் இடத்தில். அந்தப் பிரிவில் அதற்குப் பிறகு யாரும் அதிகம் பேசவில்லை. மனிதவளப் பிரிவு பெயர்களைக் காத்தது உண்மை. ஆனால் அச்சத்தைப் போக்கும் வேலை அந்தப் பிரிவால் ஆகக்கூடியதல்ல.

எங்கள் பிரிவில் இரண்டு நாள் அக்கா கொஞ்சம் அமைதியாக இருந்தார். மூன்றாம் நாள் மதியம் எங்கள் மூவரையும் அமோய் ஸ்திரீட் உணவங்காடி நிலையத்துக்கு அழைத்துப்போனார். சாப்பிட்டு முடித்த பிறகு, கைப்பேசியில் எடுத்து வைத்திருந்த குறிப்பைப் பார்த்துக்கொண்டு சொன்னார். “யார் எழுதினீர்கள் என்று எனக்குத் தெரிய வேண்டாம். எனக்கு நானே ‘பிறரை வளர்த்துவிடுதல்’ என்பதில் ஐந்துக்கு ஐந்து போட்டிருந்தேன். நீங்கள் போட்டது இரண்டரை. எனக்குத் தூக்கம் வரவில்லை.” பிறகு இரண்டே கேள்விகள். “நான் எதை நிறுத்தினால் உங்களுக்கு உதவியாக இருக்கும்? எதைத் தொடங்கினால் உதவியாக இருக்கும்?”

முதலில் யாரும் வாய் திறக்கவில்லை. சீன அங்கிள்தான் தொடங்கினார். கப்பல் நிறுவனங்களில் தமக்கு இருபது ஆண்டுப் பழக்கம் இருந்தும், எந்தக் கடிதத்தில் என்ன மாறியது என்று தெரியாமல் அங்கே பேச வேண்டியிருப்பது தமக்கு அவமானமாக இருக்கிறது என்றார். அந்தக் கோணம் எனக்குத் தோன்றவே இல்லை. நான் கற்றல் என்று பார்த்ததை அவர் மானம் என்று பார்த்தார். பல கண்கள் வேண்டும் என்பதன் பொருளை அன்று அந்த மேசையில் கண்டேன். மலாய்ச் சகோதரி வேறொன்று சொன்னார்: “நீங்கள் ஒன்பதரைக்குப் போவதைப் பார்க்கும்போது நான் ஆறு மணிக்குக் கிளம்பக் கூச்சமாக இருக்கிறது.” ஒரே பழக்கத்துக்கு மூன்று விளைவுகள், மூன்று முகங்கள்.

அடுத்த திங்கட்கிழமை முதல், சிவப்பில் குறித்த வரைவுகள் எங்களுக்குத் திரும்பி வந்தன. முதல் வாரத்தில் எனக்கு மட்டும் ஒன்பது. ஏழாவது வாரத்தில் இரண்டு. அக்காவும் சில நாள்களில் ஏழு மணிக்குக் கிளம்பினார். எல்லாம் மாறிவிட்டது என்று சொல்ல மாட்டேன். அவசரம் என்றால் பழைய பழக்கம் எட்டிப் பார்க்கும். அப்போது அங்கிள் கையைச் சிவப்புப் பேனாபோலக் காற்றில் அசைப்பார். அக்கா சிரித்துவிட்டுத் திருப்பிக் கொடுப்பார்.

பயிற்சி முடியும் நாளில் அவரிடம் கேட்டேன். “அக்கா, அந்த அறிக்கை உங்கள் போனசுக்கும் பதவி உயர்வுக்கும் போவதாக இருந்திருந்தால் என்ன செய்திருப்பீர்கள்?” கொஞ்சம் யோசித்தார். “உண்மையைச் சொல்லவா தம்பி? உங்களை எல்லாம் அமோய்க்குக் கூட்டிப் போயிருப்பேன். ஆனால் படிவம் வருவதற்கு முந்தின வாரம்!”

சிரித்தோம். ஆனால் அந்தப் பதிலில் ஒரு பெரிய பாடம் இருக்கிறது. வளர்ச்சிக்கான கண்ணாடியைச் சம்பளத்துக்கான தராசாக ஆக்கினால், எல்லாரும் கண்ணாடிக்கு முன் நடிக்கத் தொடங்குவார்கள். எங்கள் நிறுவனம் இரண்டையும் பிரித்து வைத்திருந்தது. இதை இன்னும் துணிச்சலாகச் செய்து காட்டிய ஒரு நிறுவனம் உண்டு. அதன் வேர் தமிழ் மண்ணோடு தொடர்புடையது. தூத்துக்குடி மாவட்டத்துக்காரரான திரு சிவ் நாடார் 1976இல் தொடங்கிய எச்சிஎல் குழுமம் அது. அதன் முதல் வெளிநாட்டு முயற்சிகளில் ஒன்று 1980இல் நம் சிங்கப்பூரில்தான் தொடங்கியது. 2005இல் எச்சிஎல் டெக்னாலஜிஸ் நிறுவனத்தின் தலைமைப் பொறுப்புக்கு வந்த திரு வினீத் நாயர், அங்கே ஏற்கெனவே இருந்த 360 பாகை முறையில் ஒரு குறையைக் கண்டார். வேண்டியவர்களே வேண்டியவர்களுக்கு மதிப்பெண் போட்டுக்கொண்டிருந்தார்கள். எனவே ஒரு மேலாளரின் வேலையால் பாதிக்கப்படும் ஊழியர் எவரும் கருத்துச் சொல்லலாம் என்று கதவைத் திறந்தார். பிறகு தம்மைப் பற்றி வந்த முடிவுகளை நிறுவனத்தின் உள் இணையத்தளத்தில் எல்லாரும் பார்க்கும்படி முதலில் தாமே வெளியிட்டார். மற்ற மேலாளர்களும் பின்தொடர்ந்தார்கள். ஊழியருக்கே முதலிடம் என்ற தம் கொள்கையை விளக்கி 2010இல் அவர் எழுதிய நூலில் இந்தக் கதை இருக்கிறது.

எல்லா நிறுவனங்களும் அப்படி ஊரறிய வெளியிட வேண்டும் என்று நான் சொல்லவில்லை. ஒன்றை மட்டும் கவனியுங்கள். முதலில் முதுகைக் காட்டியவர் மேலே இருந்தவர். கீழே இருப்பவனைத் துணிந்து பேசு என்று சொல்வது எளிது. சிறுவன் துணிந்துதானே பேசினான்? துணிவு அவனிடம் குறையவில்லை. கேட்டவர்களிடம்தான் குறைந்தது.

இந்தச் சிந்தனையோடு ஒரு ஞாயிற்றுக்கிழமை ஜொகூர் வீட்டில் அப்பாவிடம் பேச்சுக் கொடுத்தேன். அப்பா பதினெட்டு ஆண்டுகளாகச் சிங்கப்பூரில் ஒரு கிடங்கில் ஃபோர்க்லிஃப்ட் ஓட்டுகிறார். அதிகாலை நாலரைக்கு மோட்டார் சைக்கிளில் கிளம்பி, கடற்பாலத்தில் ஆயிரம் பேரோடு ஊர்ந்து போய்ச் சேருவார்.

“உங்க வேலை எப்படின்னு யாருப்பா எழுதுவாங்க?”

“சூப்பர்வைசர்தான். வருசத்துக்கு ஒரு தடவ பேப்பர நீட்டுவாரு. கையெழுத்துப் போட்டுட்டு வந்துருவேன்.”

“அவர் வேலை எப்படின்னு உங்ககிட்ட கேட்டா என்ன சொல்வீங்க?”

அப்பா என்னை ஒரு மாதிரியாகப் பார்த்தார். குறை சொல்லப்போகிறார் என்று நினைத்தேன். அவர் சொன்னது வேறு. “ரெண்டாம் நம்பர் வாசல்கிட்ட வண்டி திரும்புற முனையில ஒரு வட்டக் கண்ணாடி மாட்டச் சொல்வேன். அந்தப் பக்கம் நடந்து வர்ற ஆள் நமக்குத் தெரியாது. ஆரன் அடிச்சிக்கிட்டேதான் திரும்புறோம்.” தொடங்கியவர் நிறுத்தவில்லை. மழை நாளில் எந்த வாசலை முதலில் திறக்க வேண்டும், புதிதாக வரும் பங்களாதேஷ் தம்பிகளை முதல் மாதம் யாரோடு சேர்க்க வேண்டும் என்று அரை மணி நேரம் பேசினார். சூப்பர்வைசரைப் பற்றி ஒரு கெட்ட வார்த்தைகூட இல்லை. பதினெட்டு ஆண்டு வேலை முழுவதும் அவர் தலைக்குள் வரைபடமாக இருந்தது.

“இதையெல்லாம் சொன்னதே இல்லையாப்பா?”

“யாரும் கேக்கலடா.”

பயத்தால் சொல்லாமல் இருந்தவர் அல்லர் என் அப்பா. கேட்கப்படாமல் இருந்தவர். அந்த முனையில் இன்றுவரை ஒருவருக்கும் அடிபடவில்லை என்பது என் நெஞ்சில் ஒரு பக்கம் நிம்மதி, மறுபக்கம் திகில். எங்கோ ஒரு கிடங்கில் இன்றும் கால்களை அரணாக நிற்கவைத்திருக்கிறார்கள். வாழைத்தண்டு எங்கே கிடைக்கும் என்று தெரிந்தவர் பக்கத்திலேயே நிற்கிறார். அப்பாவுக்கு வேண்டியது முப்பது கேள்விகள் கொண்ட படிவமோ 360 பாகையோ அல்ல. ஒரு கேள்வி, கேட்ட பிறகு காத்திருக்கும் ஐந்து நிமிடம். “அடுத்த வாரம் சொல்லிப் பாருங்கப்பா” என்றேன். “பாப்போம்” என்றார்.

நண்பர்களே, நம்மில் பலர் இன்னும் சில மாதங்களில் ஏதோ ஓர் அலுவலகத்தில் கீழ்ப்படியில் நிற்போம். படிவம் வரும். வந்தால், மனிதரைப் பற்றி எழுதாமல் நடந்ததைப் பற்றி எழுதுவோம். நாளை அவர் முகத்தைப் பார்த்துச் சொல்ல முடியாத எதையும் பெயரற்ற பெட்டிக்குள் போடாமல் இருப்போம். பத்து ஆண்டுகளில் நம்மில் சிலர் மேற்படியில் இருப்போம். அப்போது யார் எழுதினார் என்று தேடாமல், என்ன எழுதினார் என்று தேடுவோம். எழுதியவர்களோடு ஒரு வேளை சாப்பிடுவோம்.

அதற்கும் முன்னால், இங்கேயே தொடங்கலாம். நம் மன்றத்தில் ஒவ்வொரு நிகழ்ச்சிக்குப் பிறகும் செயற்குழு கூடி நிறை குறைகளை அலசுகிறது. அலசுவது யார்? நிகழ்ச்சியை நடத்திய நாமேதான். மேடைக்குப் பின்னால் நாற்காலி அடுக்கிய முதலாமாண்டு மாணவரை யாராவது கேட்டிருக்கிறோமா? நுழைவுச்சீட்டு விற்கத் தீவு முழுக்க அலைந்தவரை? தமிழ் சரளமாகப் பேச வராததால் கூட்டங்களில் பின்வரிசையில் உட்கார்ந்து, பிறகு வராமலே போய்விட்டவரை? அவர்கள் ஏன் வரவில்லை என்று நாமே நமக்குள் பேசி நாமே முடிவு செய்துகொள்கிறோம்.

அடுத்த நிகழ்ச்சி முடிந்ததும், செயற்குழு கூடுவதற்கு முன் ஆளுக்கு இருவரைத் தேடிப்போய் அந்த இரண்டு கேள்விகளையும் கேட்போம். எதை நிறுத்த வேண்டும்? எதைத் தொடங்க வேண்டும்? கேட்டுவிட்டுக் கொஞ்சம் காத்திருப்போம். பதில் உடனே வராது.